மாத்திரை பெறாதவர்கள்

மாத்திரையை விழுங்கிய பிறகு ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கை மேலே தூக்க வேண்டும். இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். உள்ளே ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு அவர்களுடைய எண்ணுக்கு எதிரே சரி போடுவது என் வேலை. தோட்டப் பள்ளிக்கூட மைதானத்தில் கட்டிய தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் இராணுவத்தினர் வரிசையாக நின்றார்கள். அநேகமாக எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, கைகளுக்குக் கையுறை. வாயைக் காட்டிவிட்டு மழைக்குள் இறங்கி, மேலே மண் சரிந்த இடத்துக்குப் போனார்கள்.

அவர்களைத் தாண்டிக்கொண்டு அதே பாதையில் மண்வெட்டியும் அலவாங்குமாக எங்கள் தோட்டத்து ஆட்களும் போனார்கள், வெறுங்காலோடு. அவர்களை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை.

நான் இரத்தம் எடுக்கப் படித்தவள். பதுளை டவுனில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடம் வேலை செய்தேன். இராணுவத்துக்காக நோய்த் தடுப்பு ஆய்வு செய்கிற ஒரு சிறு குழு, தமிழும் சிங்களமும் தெரிந்த, கை நடுங்காமல் ஊசி போடக்கூடிய ஒருவரைத் தேடியபோது என்னைப் பிடித்துக்கொண்டது. குழுவின் தலைவி ஒரு பெண் வைத்தியர், இராணுவத்தில் மேஜர். நாங்கள் அவரை மெடம் என்று கூப்பிட்டோம். அதட்டிப் பேசத் தெரியாதவர். எனக்கு முதல் நாளே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்துத்தான் வேலையை விளக்கினார்.

"காயம் பட்டு விழுகிறவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்," என்றார். "காய்ச்சலில் விழுகிறவனைக் களைத்துப்போனான் என்று படுக்க விடுவார்கள். விடியும்போது பார்த்தால் கண் மஞ்சள்."

முன்பு ஒரு வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்றப் போன அவருடைய பையன் ஒருவன் எலிக்காய்ச்சலில் இறந்துபோனதை அப்போது சொன்னார். பையன் என்று அவர் சொன்னது தன் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாயை. எலியின் மூத்திரம் கலந்த சேற்றில் கால் வைத்தால், காலில் ஒரு கீறல் இருந்தாலும் போதும், கிருமி உள்ளே போய்விடும். ஒரு வாரம், பத்து நாள் ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சல், பிறகு சிறுநீரகம். வாரத்துக்கு ஒரு தடவை குடிக்கிற மாத்திரை அதைத் தடுக்கும் என்று சொல்கிறார்கள். சேற்றுக்குள் நாள் முழுக்க நிற்கிற சிப்பாயை அது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. வேலைக்கு இறங்கும்போது ஒருமுறை இரத்தம் எடுப்போம், மூன்று வாரம் கழித்து இன்னொருமுறை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிருமி உள்ளே வந்துபோனதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நல்ல வேலை என்று நினைத்தேன். இன்றைக்கும் அதைக் கெட்ட வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மண் சரிந்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில். என் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டம் அது. மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மேல் மலை அப்படியே இறங்கி ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய ஒரு லயத்தை முழுசாக மூடிவிட்டது. என் தாய்மாமன் இருந்த லயம் அதற்கு அடுத்தது. மண் அவருடைய கோடிக் காம்பராவின் சுவரில் வந்து சாய்ந்து நின்றுவிட்டது. மாமாவும் அத்தையும் உயிரோடு வெளியே வந்தார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் மாமாவுக்கு நாற்பது வருடத்துச் சிநேகிதர். அவருடைய மனைவி அன்றைக்கு விடியற்காலையில், மூடிப்போன அந்த மேல் லயத்துக்கு, பிள்ளை பெற்றிருந்த ஒருத்திக்குச் சுடுதண்ணீர் வைத்துக்கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வரவில்லை.

பாதை இரண்டு இடத்தில் உடைந்துபோனது, ஓர் இடத்தில் தண்ணீர் போகிற மதகோடு. இராணுவம் நடந்தும் டிராக்டரிலும் ஏறி வந்தது. எங்கள் குழுவும் பெட்டிகளோடு கூடவே ஏறியது. நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவும் அவருடைய சிநேகிதரும் இடுப்பளவு சேற்றில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். நெளிந்த தகரம், கோழிக்கூடு, சாமி படம், அரிசிச் சாக்கு என்று மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது. அடித்த வாடையை நான் எழுதப்போவதில்லை. மேலே, அறுந்த மலையின் ஓரத்தில், இடைக்கிடை சிறு கற்கள் உருண்டு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு மறுபடியும் குனிவார்கள்.

மாமா என்னைப் பார்த்து, "நீயும் வந்துட்டியா புள்ள" என்றார். அவருடைய பாதங்களில் தகரம் கிழித்த கோடுகள் வெளுத்துப்போய்த் தெரிந்தன.

மூன்றாம் நாள் மெடம் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என் பையன்களில் ஒருவருக்கும் காய்ச்சல் வராவிட்டால் அது மாத்திரையாலா? இல்லை, இந்தச் சேற்றில் கிருமியே இல்லாததாலா? அதை எப்படிச் சொல்வது? மாத்திரை குடிக்காதவர்களின் இரத்தமும் நமக்கு வேண்டும்."

"தோட்டத்து ஆட்களா மெடம்?"

"அதே சேறு. அதே நாட்கள். அவர்களுக்கு நாம் எதையும் மறுக்கவில்லை. நம்மிடம் இருப்பது இராணுவத்துக்கு அளந்து அனுப்பிய மருந்து. பாதை திறந்ததும் சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து இவர்களுக்கும் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் நாம் இரத்தத்தை எடுத்துவிட வேண்டும்."

எனக்கு உடனே விளங்கியது. அவ்வளவு சீக்கிரம் விளங்கியதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கான அனுமதியும் தமிழ்ப் படிவமும் ஆய்வு தொடங்கும்போதே வாங்கி வைத்தவைதான். அன்று பிற்பகல் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. கூரையில் கட்டிய ஏணைகளை ஒதுக்கிவிட்டு ஒரு மேசை போட்டிருந்தார்கள். தோண்டிவிட்டு வந்த ஆட்கள் சேறு காயாத கால்களோடு சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

நான் படிவத்தை உரக்க வாசித்தேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "இவ் ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவில் பங்குபற்றுவோருக்குத் தடுப்பு மருந்து எதுவும் வழங்கப்படமாட்டாது, நேரடி நன்மை எதனையும் எதிர்பார்க்க முடியாது." மற்ற வரிகளை வாசித்த வேகத்தில்தான் அதையும் வாசித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. ஒரு சொல்லையும் விளக்கவுமில்லை.

மாமாவின் சிநேகிதர் மட்டும் கையைத் தூக்கினார். நான் சட்டையில்லாமல் ஓடித் திரிந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். வெள்ளைக் கோட்டுக்காக அன்றைக்கு என்னை மிஸ் என்றார்.

"வழங்கப்படமாட்டாதுன்னு என்னமோ வந்துச்சே மிஸ், அது என்னாங்க?"

"அது எல்லாப் படிவத்துலயும் இருக்கிறதுதாங்க," என்றேன்.

"அப்ப சரிங்க."

அவருடைய கையைப் பிடித்து மேசையில் வைத்தேன். மூன்று நாளாக மண்வெட்டி பிடித்த கை. நரம்பைத் தேட வேண்டியிருக்கவில்லை, கயிறு மாதிரி எழும்பி நின்றது. குழாய் நிறைந்துகொண்டிருந்தபோது அவர் வேறு பக்கம் பார்த்தபடி கேட்டார், "இதுல பார்த்தா ஏதாச்சும் நோய் இருக்கான்னு தெரியுங்களா?"

"தெரியும். ஆனா உடனே தெரியாது."

அதுவும் உண்மைதான். அன்றைக்கு நான் பொய் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைத்தான் பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா தன் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னார்: "நம்ம புள்ள பார்த்துக்கும். ரத்தம் எடுத்தாச்சில்ல, இனி பயமில்ல." ஆட்கள் தலையை ஆட்டினார்கள். இரத்தம் எடுப்பதே ஒரு வைத்தியம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, "இல்லை மாமா, இது மருந்தில்ல" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு சிப்பாய்கள் வேறிடத்துக்கு அழைக்கப்பட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கென்று எடுத்து வைத்த மாத்திரைகள் பெட்டியில் மிஞ்சின. மெடம் மேலே போயிருந்த நேரம், நான்கு மாத்திரைகளைப் பஞ்சில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, லயத்து ஆட்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடந்தேன். மாமா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிநேகிதரோடு ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் ஐந்தாறு பேர், எல்லோருக்கும் நேற்று ஊசி குத்திய இடத்தில் சின்னதாகக் கறுத்திருந்தது. மாமாவுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று யோசித்தேன். மாமாவுக்குக் கொடுத்தால் அவருடைய இரத்தம் இனி எதையும் சொல்லாது என்றும் யோசித்தேன்.

"என்ன புள்ள, சாப்பிடுறியா?"

"இல்ல மாமா. சும்மா பார்க்க வந்தேன்."

திரும்பிப் போய் மாத்திரைகளைப் பெட்டியில் போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அது காரணமில்லை. ஆய்வு கெட்டுவிடுமே என்றுதான் பயந்தேன்.

ஆறாம் நாள் சிநேகிதரின் மனைவி கிடைத்தார். சிநேகிதரே தோண்டி, சேலையின் கரையைப் பார்த்து அடையாளம் கண்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை. மறுநாளும் மற்றவர்களின் ஆட்களைத் தேட மண்வெட்டியோடு இறங்கினார்.

எட்டாம் நாள் ஒரு சிப்பாய்க்குக் காய்ச்சல் கண்டது. மொனராகலைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகன். வெளியே நின்று வாந்தி எடுத்ததைப் பார்த்த அரை மணி நேரத்தில் அவனை டிராக்டரில் ஏற்றி, உடைந்த மதகில் இறக்கித் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கம் நின்ற வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏறும்போது அவன் மெடமிடம் ஒப்புக்கொண்டான்: முதல் மாத்திரை வயிற்றை எரித்ததால் கூடாரத்துக்குப் பின்னால் போய் விரலை விட்டு வெளியே எடுத்துவிட்டானாம். ஒரு வாரத்தில் சுகமாகித் திரும்பினான்.

மெடம் அன்று முழுக்கத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் கிருமி இருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. நான் ஊசிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே, இனி தோட்டத்து ஆட்களைப் பற்றி அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் தேடுதல் நின்றது. பாதை இன்னும் திறக்காததால் சுகாதாரப் பகுதி ஆட்கள் வந்திருக்கவில்லை. நாங்கள் பதுளைக்கு இறங்கிவிட்டோம்.

நான்கு நாள் கழித்து அத்தை போன் செய்தார். நெடுநேரம் மழையைப் பற்றியே பேசினார். பிறகு, "அடுத்த காம்பராக்காரரு போயிட்டாரு" என்றார்.

"எங்க போயிட்டாரு?"

"செத்துப் போயிட்டாரு புள்ள. மூணு நாளா காய்ச்ச. டிஸ்பென்சரிக்கு வாங்கன்னா, ரத்தம் பார்த்திருக்காங்க, நோய் இருந்தா சொல்லியிருப்பாங்கன்னு பனடோலப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டாரு. நேத்துக் கண்ணெல்லாம் மஞ்சளாகிருச்சு. கம்பளியில போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. மதகுகிட்ட போறதுக்குள்ள…" அத்தை மூக்கைச் சிந்தினார். "ஒங்க மாமாவுக்கும் நேத்துலருந்து மேலு சுடுது. இவரும் அதையேதான் சொல்றாரு. நம்ம புள்ள பார்த்திருக்கும்னு."

போனை வைத்துவிட்டு மெடமின் அறைக்குப் போனேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்ததுதான் நினைவிருக்கிறது.

மதகைத் தற்காலிகமாகக் கட்டியிருந்தார்கள். ஜீப் லயம் வரை ஏறியது. மாமா வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். மெடம் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழி முழுக்கச் சிவந்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டதும் மாமா பல்லைக் கடித்தார்.

"ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு புள்ள."

"ஒண்ணுக்குப் போனீங்களா மாமா?"

"காலையில கொஞ்சூண்டு. கறுப்பா, பிளேன்டீ மாதிரி."

மெடமுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது. அங்கேயே கையில் ஊசியைப் போட்டு மருந்து ஏற்றத் தொடங்கினார். ஜீப்பின் பின்னால் மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்தார். நான் முன்னால். பாதி வழி தாண்டியிருந்தோம்.

"இவர் உன் மாமா என்று நீ எனக்குச் சொல்லவில்லை," என்றார் மெடம், பாதையைப் பார்த்தபடி.

"சொல்லியிருந்தால்?"

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பெட்டியில் மிச்சம் இருந்ததே. உனக்குத் தெரியும்."

பின்னால் மாமா ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகினார். மெடம் சொன்னது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சொன்னபோது அவரே அதை நம்பினார் என்று மட்டும் தெரியும். சிநேகிதருக்காக யார் வந்து கேட்டிருப்பார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் மாமாவின் சிறுநீரகம் ஐந்து நாள் வேலை செய்யவில்லை. இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆறாம் நாள் பை நிறைய மூத்திரம் வந்தது என்று அத்தை வார்ட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

இரண்டாவது இரத்தம் எடுக்க வேண்டிய நாள் அவர் வார்ட்டில் இருக்கும்போதே வந்தது. வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று மெடம் கேட்டார். வேண்டாம் என்று நானே போனேன். மாமா மெலிந்து, தோல் மஞ்சளும் கறுப்புமாகக் கிடந்தார். ஊசியைப் பார்த்ததும் தானாகவே கையை நீட்டினார்.

"எடு புள்ள. நீ எடுத்தா வலிக்காது."

எடுத்தேன்.

தோட்டத்துக்குப் போய் மற்றவர்களுடைய இரண்டாவது இரத்தத்தையும் எடுத்தேன். எங்கள் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு கட்டம் உண்டு. வராதவர்களுக்கு என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும்: இடம் மாறினார், மறுத்தார், தொடர்பு கிடைக்கவில்லை. சிநேகிதரின் எண்ணுக்கு எதிரே, தாளைத் தயாரித்த உதவியாளர் முன்கூட்டியே 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று அடித்து வைத்திருந்தார். நான் அதை வெட்டிவிட்டு, இறந்தார் என்று எழுதினேன். மெடம் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

மாத்திரை காப்பாற்றுகிறது என்பதுதான் முடிவு. ஒழுங்காகக் குடித்தவர்கள் ஒருவரும் விழவில்லை. மழைக்காலத்தில் எந்த இடத்துக்கு இறங்கினாலும் சிப்பாய்களுக்குச் சப்பாத்தோடு மாத்திரையும் வந்துவிடுகிறது. அடுத்த ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில், சேற்றில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் மாத்திரை கொடுத்த பிறகுதான் இரத்தம் என்று மெடம் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். நான் வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன். நல்ல வரிதான்.

மாமா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து நான் அவரைப் பார்க்கப் போனேன். கால் வீக்கம் வற்றவில்லை. மலைக்குப் போக முடியாமல், தேயிலை ஸ்டோரில் கூட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். அத்தை தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். அந்த இரத்தம் எதற்கு எடுத்தோம், வழங்கப்படமாட்டாது என்றால் என்ன, என் பையில் மாத்திரை இருந்தது, நான் திரும்பிப் போனது, எல்லாம்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், பூட்டிக் கிடந்த அடுத்த காம்பராவின் பக்கம் கையைக் காட்டினார்.

"அவனுக்கும் தெரியாதா?"

"தெரியாது மாமா."

"அவன் ஒன்னையக் கேட்டானே. நானும் அங்கதான இருந்தேன்."

"ஆமா மாமா."

அத்தை கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரை நான் குடித்து முடிக்கும்வரை மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது, "மழ வருது, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

அவர் லயத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். போன மாதம் சுகாதாரப் பகுதி ஆட்களோடு, மழைக்கு முன்னால் கொடுக்கிற மாத்திரைகளை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் இருப்பது தெரிந்தது. ரேடியோவை யாரோ குறைத்தார்கள். மாத்திரைகளைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்துவிட்டு வந்தோம். யாரும் போய் வாங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது எட்டு நாளாக மழை. நேற்று அத்தை பேசினார். லயத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சலாம்.

"யாரு அத்தை? கால் வலிக்குதான்னு கேட்டீங்களா? நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

"நீ வர வேணாம் புள்ள," என்றார் அத்தை. யார் யார் என்று மூன்று தடவை கேட்டேன். அவர் சொல்லவில்லை.